கல்லறைத் தோட்டத்தில் நின்ற சிறுவன்: நியூசிலாந்து நிலத்துறை அமைச்சர் ஜான் மெக்கன்சி

1845ஆம் ஆண்டு மே மாதம். ஸ்காட்லாந்தின் வடக்கே, ராஸ்ஷயரில், குரோய்க் என்ற சின்னஞ்சிறு தேவாலயம். அதன் கல்லறைத் தோட்டத்தில் கம்பு நட்டு, போர்வையும் தார்ப்பாயும் விரித்து 18 குடும்பங்கள் ஒண்டியிருந்தன. கைக்குழந்தைகளும் கிழவர்களுமாக 80 பேருக்கு மேல். பக்கத்துப் பள்ளத்தாக்கான கிளென்கால்வியில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்தவர்கள் அவர்கள். குத்தகைப் பாக்கி வைத்தவர்களும் அல்லர். நிலத்தின் சொந்தக்காரருக்கு அந்த இடம் ஆடு மேய்க்க வேண்டியிருந்தது, வெளியேறச் சொல்லிவிட்டார். தேவாலயத்துக்குள் போய்ப் படுப்பது கடவுளுக்கு அடுக்காது என்று அஞ்சி, செத்தவர்களுக்கு நடுவே படுத்தார்கள். கிளம்புவதற்கு முன் ஜன்னல் கண்ணாடியில் கூரான எதையோ கொண்டு சில வரிகளைக் கீறி வைத்தார்கள். "கிளென்கால்வி மக்கள், பொல்லாத தலைமுறை" என்பது அவற்றில் ஒன்று. தங்களுக்கு வந்த கேட்டுக்குத் தங்கள் பாவமே காரணம் என்று நினைத்த மனிதர்களின் கையெழுத்து அது. இன்றைக்கும் அந்தக் கண்ணாடியில் அதைப் படிக்கலாம்.

தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்களில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். பெயர் ஜான் மெக்கன்சி. பிற்காலத்தில் பூமிப்பந்தின் மறுகோடியில், நியூசிலாந்தின் நிலத்துறை அமைச்சராக அமர்ந்து, பெரும்பண்ணைகளை உடைத்துச் சிறு விவசாயிகளுக்குப் பங்கிட்டவர் அவர். அந்தக் கல்லறைத் தோட்டத்தைக் கடைசிவரை மறக்கவில்லை. அதே அமைச்சரின் காலத்தில்தான், அதே துறையின் கையால், நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களிடம் எஞ்சியிருந்த நிலத்திலும் பல லட்சம் ஏக்கர் கைமாறிப் போனது.

இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதற்காகவே இந்த ஆய்வு. மெக்கன்சியைப் பற்றி எழுதியவர்கள் பலரும் முதலாவதை விரிவாகச் சொல்லிவிட்டு இரண்டாவதை ஒரு வரியில் கடந்தார்கள். அண்மைக் காலத்தில் சிலர் இரண்டாவதை மட்டும் சொல்கிறார்கள். ஒரே மனிதன், ஒரே நினைவு, ஒரே சட்டப் புத்தகம். இரண்டையும் பிரித்தால் அந்த மனிதன் நமக்குப் புரியாமலே போய்விடுவான்.

ஆட்டால் விரட்டப்பட்ட ஊரிலிருந்து ஆடு மேய்க்க

மெக்கன்சி பிறந்தது 1839இல், ஆர்ட்ராஸ் என்ற மலைப்பகுதியில். தந்தை குத்தகை விவசாயி. அக்கம்பக்கத்துக் குடியானவர்களோடு ஒப்பிட்டால் கொஞ்சம் வசதியான குடும்பம்தான். வீட்டு மொழி, ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் பழைய மொழியான கேலிக். பிற்காலத்தில் நாடாளுமன்றத்தில் அவர் பேசிய ஆங்கிலத்திலும் அந்த மலைநாட்டு ஓசை தூக்கலாக இருந்தது. மூத்த மகனாக இருந்தும் அந்த மண்ணில் அவருக்கு நம்பிக்கை இல்லை. எத்தனை பாடுபட்டாலும் நிலம் இன்னொருவருடையது. அவர் ஒருநாள் "கிளம்பு" என்றால் கிளம்ப வேண்டும். கிளென்கால்வியில் அவர் பார்த்தது அதைத்தானே.

1860இல், இருபது வயதில், ஆன் மன்ரோவைத் திருமணம் செய்துகொண்டு இருவருமாகக் கப்பலேறினார்கள். இறங்கியது நியூசிலாந்தின் தென்தீவில், ஒட்டாகோ மாகாணத்தில். ஸ்காட்லாந்துக்காரர்கள் 1848 முதல் குடியேறிய பகுதி அது. டுனெடின் நகருக்கு வடக்கே, பால்மர்ஸ்டன் பக்கம், ஜானி ஜோன்ஸ் என்ற பெரும் முதலாளியின் புக்கெடாப்பு ஆட்டுப் பண்ணையில் இடையனாக வேலைக்குச் சேர்ந்தார். ஆட்டுக்காக மனிதர்கள் விரட்டப்பட்ட ஊரிலிருந்து வந்தவருக்கு முதலில் சோறு போட்டது ஆடுதான். நல்ல இடையன், கணக்கும் எழுத்தும் தெரிந்தவன். விரைவிலேயே அந்தப் பண்ணையின் மேலாளரானார். பிறகு அருகிலிருந்த ஷாக் பள்ளத்தாக்கில் சொந்தமாக நிலம் எடுத்துப் பண்ணை வைத்தார். அந்தப் பள்ளத்தாக்கின் மாவோரி பெயர் வைஹேமோ.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெக்கன்சி எடுத்த அந்த நிலம் எப்படி "அரசு நிலம்" ஆயிற்று? 1848 ஜூன் மாதத்தில், அகரோவா துறைமுகத்தில், ஙாய் தாஹு என்ற மாவோரி இனத்தின் தலைவர்களிடம் கெம்ப் என்ற அதிகாரி ஒரு பத்திரத்தில் கையொப்பம் வாங்கினார். தென்தீவின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 1 கோடியே 35 லட்சம் ஏக்கர். விலை 2,000 பவுண்டு. அவர்களுடைய குடியிருப்புகளும் உணவு தேடும் இடங்களும் அவர்களுக்கே இருக்கும், போதுமான நிலம் பிறகு ஒதுக்கித் தரப்படும் என்பது பேச்சு. ஒதுக்கப்பட்டது 6,359 ஏக்கர். ஆளுக்குக் கணக்குப் பார்த்தால் ஒரு குடும்பம் பிழைக்கவே போதாத அளவு. புக்கெடாப்புப் பண்ணையும் ஷாக் பள்ளத்தாக்கும் அந்தப் பத்திரத்துக்குள் வருபவைதான். மெக்கன்சி இதற்குப் பொறுப்பாளி அல்லர். அப்போது அவர் ராஸ்ஷயரில் எட்டு வயதுப் பையன். ஆனாலும் அவர் கால் வைத்த மண்ணின் மூலப்பத்திரம் இது. இதைப் படிக்காமல் மேலே போனால் பின்னால் வருவதன் கனம் தெரியாது.

பினாமிகளின் காலம்

ஒட்டாகோவிலும் அதற்கு வடக்கே கேன்டர்பரியிலும் அன்று நிலம் யார் கையில் இருந்தது? அரசிடமிருந்து பல்லாயிரம் ஏக்கர் மேய்ச்சல் குத்தகை எடுத்த சில நூறு பேர் கையில். சிறு விவசாயிகளுக்காக அந்தக் குத்தகை நிலத்தில் ஒரு பகுதியை அரசு எப்போதாவது வெட்டி விற்பனைக்கு விட்டாலும், அது சிறு விவசாயிக்குப் போய்ச் சேரவில்லை. பெரிய குத்தகைதாரர் தன் பண்ணையில் வேலை செய்யும் இடையன், வண்டிக்காரன், ஒன்றுவிட்ட மைத்துனன் என்று ஆளுக்கொரு விண்ணப்பம் போட வைப்பார். பெயர் அவர்களுடையது, பணம் இவருடையது. சில மாதங்களில் எல்லாத் துண்டுகளும் பழையபடி ஒரே வேலிக்குள் வந்துவிடும். நமக்குப் பினாமி என்று சொன்னாலே விளங்கிவிடும். அங்கே அதற்கு "பொம்மை" என்று பொருள்படும் பெயர் இருந்தது.

இன்னொரு தந்திரம் அதைவிட நுட்பமானது. கேன்டர்பரியில் 20 ஏக்கருக்குக் குறைந்த துண்டை நேரடியாக விலைக்கு வாங்க முடியாது. ஏலத்துக்குத்தான் வர வேண்டும். ஆகவே பெரிய முதலாளி, தன் பகுதியில் 20 ஏக்கர் ஒன்றை வாங்குவார். அடுத்து 19 ஏக்கரை விட்டுவிடுவார். அதற்கடுத்து மறுபடி 20 வாங்குவார். வரைபடத்தில் பார்த்தால் இரும்புக் கம்பிச் சட்டம் மாதிரி இருக்கும். இடையில் விட்ட துண்டுகளை வெளியாள் வாங்கவும் முடியாது, வாங்கினாலும் வழி கிடையாது. பாதி விலையில் முழு நிலமும் வசம். இன்னும் சிலர் ஆற்றங்கரையையும் ஊற்றையும் மட்டும் வாங்கினார்கள். தண்ணீர் கையில் இருந்தால் சுற்றியுள்ள வறண்ட நிலம் தானே வந்து விழும்.

மெக்கன்சியின் அரசியல் இங்கேதான் முளைத்தது. சாலை வாரியத்தில் எழுத்தர், பள்ளிக் குழுவில் உறுப்பினர் என்று உள்ளூரில் ஆரம்பித்தவர் 1871இல் ஒட்டாகோ மாகாண சபைக்குள் நுழைந்தார். 1876இல் மாகாணங்களே கலைக்கப்பட்டன. 1881இல் மோராக்கி தொகுதியிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினரானார். எந்தச் சபையில் இருந்தாலும் பேச்சு ஒன்றுதான்: பினாமிகளை ஒழிக்க வேண்டும், உழுபவனுக்கு நிலம் வேண்டும். ஒரு பண்ணையின் மேலாளராக இருந்தவர் என்பதால் அந்த விளையாட்டின் உள்விவரம் அவருக்குத் தெரியும். நூல்களைப் படித்து நிலச் சீர்திருத்தக் கொள்கைக்கு வந்தவர்கள் அன்று நியூசிலாந்தில் நிறைய பேர் இருந்தார்கள். மெக்கன்சி அந்த வகை அல்லர். ஆளும் பெரிய உருவம், குரலும் பெரிது, கோபமும் சட்டென்று வரும்.

மலைகளுக்கு அப்பால் இன்னொரு வெளியேற்றம்

அவர் மாகாண அரசியலிலிருந்து நாடாளுமன்றத்துக்கு நகர்ந்த அதே ஆண்டுகளில், வடக்கே வைட்டாக்கி ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒன்று நடந்தது. ஹிபா தே மைஹரோவா என்ற ஙாய் தாஹு தலைவர், தீர்க்கதரிசி என்று மக்கள் போற்றியவர், 1877இல் ஏறத்தாழ 150 பேரைக் கூட்டிக்கொண்டு ஆற்றின் போக்குக்கு எதிரே நடந்து ஓமராமாவுக்குப் போய்க் குடியேறினார். 1848 பத்திரத்தில் கடற்கரைப் பக்கம்தான் விற்கப்பட்டது, உள்நாட்டு மேட்டுநிலம் விற்கப்படவில்லை என்பது அவர்கள் வாதம். ஆயுதம் ஏந்தவில்லை. வீடு கட்டினார்கள், தோட்டம் போட்டார்கள், விலாங்கும் பறவையும் பிடித்து வாழ்ந்தார்கள்.

அந்த இடம் ஒரு மேய்ச்சல் குத்தகைதாரரின் ஆட்டுக்காடு. அவர்கள் இருப்பதால் ஆட்டுக்குத் தொந்தரவு என்று புகார் மேல் புகார் போனது. 1879 ஆகஸ்டில், அங்கே கடுங்குளிர்காலம், ஆயுதம் தாங்கிய போலீஸ் வந்து வெளியேற்றியது. சண்டை போடாமல் மூட்டை கட்டினார்கள். பனியில் ஆற்றின் முகத்துவாரம் வரை நடந்தார்கள். வழியில் முதியவர்களும் குழந்தைகளும் இறந்தார்கள் என்று அவர்கள் வழிவந்தவர்கள் சொல்கிறார்கள்.

1845, 1879. ராஸ்ஷயர், ஓமராமா. இரண்டு இடத்திலும் முன்னோர் வாழ்ந்த மண் என்று நம்பியவர்கள், இரண்டு இடத்திலும் ஆடு, இரண்டு இடத்திலும் பின்னால் சட்டத்தின் பலத்தோடு ஒரு நிலச் சொந்தக்காரர். 1890இல் மெக்கன்சி நாடாளுமன்றத்துக்குத் தேர்வானது வைட்டாக்கி தொகுதியிலிருந்து, அதாவது அந்த ஆற்றின் பெயரைத் தாங்கிய தொகுதியிலிருந்து. ஆனால் அவருடைய அரசியலில் கிளென்கால்வி மட்டுமே இருந்தது. ஓமராமா அதற்குள் வரவேயில்லை. இந்த ஆய்வுக்காக அவர் வாழ்க்கையைப் படிக்கும்போது என்னை அதிகம் தொந்தரவு செய்த இடம் இதுதான்.

செவியட்

1890 டிசம்பர் தேர்தலில் லிபரல் கட்சி வென்றது. 1891 ஜனவரியில் ஜான் பேலன்ஸ் பிரதமரானார். அவர் அமைச்சரவையில் மெக்கன்சிக்கு நிலத்துறையும் விவசாயமும். முதல் ஆண்டிலேயே அவர் கொண்டுவந்த நில மசோதாக்களை மேலவை தடுத்தது. ஆயுட்கால உறுப்பினர்கள் நிறைந்த சபை; அவர்களில் பெருநிலக்காரர்கள் அதிகம். புதிதாக 12 பேரை மேலவைக்கு நியமிக்கச் சொல்லிப் பேலன்ஸ் கேட்டார், ஆளுநர் மறுத்தார், விஷயம் லண்டன் வரை போய் பேலன்ஸ் பக்கம் தீர்ந்தது. அதன் பிறகுதான் வழி திறந்தது.

1892 நிலச் சட்டம் மெக்கன்சியின் முத்திரை பதிந்த சட்டம். ஒருவர் எடுக்கக்கூடிய முதல்தர நிலத்துக்கு 640 ஏக்கர், இரண்டாம் தரத்துக்கு 2,000 ஏக்கர் என்று உச்சவரம்பு. பினாமிக்குக் கடுமையான தடை. அதோடு "நிரந்தரக் குத்தகை" என்ற விசித்திரமான ஏற்பாடு: 999 ஆண்டுக் குத்தகை, நிலத்தின் தொடக்க மதிப்பில் ஆண்டுக்கு 4 சதவீதம் வாடகை, இடையில் மறுமதிப்பீடே கிடையாது. நிலம் எப்போதும் அரசினுடையதாகவே இருக்க வேண்டும் என்று பேலன்ஸ் போன்றவர்கள் விரும்பினார்கள். விவசாயிக்குத் தன் நிலம் என்ற உறுதி வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். 999 ஆண்டு என்பது இருவருக்கும் நடுவே மெக்கன்சி போட்ட பாலம். பொருளாதாரம் படித்தவர்கள் இதைக் கிண்டல் செய்தார்கள், நிலத்தின் மதிப்பு ஏறினால் அரசுக்கு ஒரு பைசா கிடைக்காதே என்று. நியாயமான கேள்விதான். ஆனால் ராஸ்ஷயர்க் குத்தகைக்காரரின் மகன் எதற்குப் பயந்தார் என்று தெரிந்தால் இந்த எண் அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது. பத்தாண்டுக்கு ஒருமுறை யாரோ வந்து வாடகையை ஏற்றுவார்கள், கட்ட முடியாதவன் கிளம்ப வேண்டும்: அந்தப் பயத்தை ஆயிரம் ஆண்டுக்குத் தள்ளி வைக்கும் எண் அது.

அடுத்த ஆண்டு செவியட் வந்தது. வடக்குக் கேன்டர்பரியில் 84,000 ஏக்கருக்கு மேல் விரிந்த ஒற்றைப் பண்ணை. அதை உருவாக்கியவர் வில்லியம் ராபின்சன். எதையும் ரொக்கம் கொடுத்து வாங்கியதால் "ரொக்கப்பணம் ராபின்சன்" என்றே பெயர். 1889இல் அவர் இறந்த பிறகு அறங்காவலர்கள் நிர்வகித்தார்கள். லிபரல் அரசு போட்ட புதிய நிலவரிக்காகப் பண்ணையை மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்பிட்டது வரித்துறை. அறங்காவலர்கள் ஏறத்தாழ 2,60,000 தான் பெறும் என்றார்கள். சட்டத்தில் ஒரு விதி இருந்தது: உரிமையாளர் ஒப்பாவிட்டால், ஒன்று அவர் சொல்லும் மதிப்பை அரசு ஏற்க வேண்டும், இல்லையேல் அந்த விலைக்கு அரசே வாங்கிக்கொள்ள வேண்டும். அறங்காவலர்கள் அந்த விதியைக் காட்டி நெருக்கினார்கள். மெக்கன்சி வாங்கிவிட்டார்.

1893இல் இது பெரிய துணிச்சல். அவ்வளவு பணம், எடுக்க ஆள் வருவார்களா என்று தெரியாத நிலம். அளந்தார்கள், சாலை போட்டார்கள், சில பகுதிகளைச் சொந்தக் கிரயமாகவும் சிலவற்றை நிரந்தரக் குத்தகையாகவும் பிரித்து விட்டார்கள். விண்ணப்பங்கள் குவிந்தன. ஒரு குடும்பமும் சில பத்து வேலைக்காரர்களும் இருந்த வெளியில் சில நூறு பேர் வீடு கட்டினார்கள். பள்ளிக்கூடம் வந்தது. நடுவே எழுந்த சிற்றூருக்கு முதலில் மெக்கன்சி என்றே பெயர் வைத்தார்கள். இன்று அது செவியட். அரசுக்கும் நட்டமில்லை, வாடகை வட்டியைத் தாண்டி வந்தது.

செவியட் காட்டிய வழியில் 1894இல் குடியேற்ற நிலச் சட்டம் கட்டாயக் கொள்முதல் அதிகாரத்தோடு நிறைவேறியது. உரிமையாளர் விற்க மறுத்தாலும் நியாய விலை கொடுத்து அரசு எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டாயத்தை மிகச் சில பண்ணைகளில்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. பெரும்பாலோர் தாமாகவே விற்க முன்வந்தார்கள். இதற்குக் காரணம் மெக்கன்சியின் அதட்டல் மட்டுமே என்று சொன்னால் அது பாதிக் கதைதான்.

மீதிக் கதை 1882 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. ஒட்டாகோவின் போர்ட் சாமர்ஸ் துறைமுகத்திலிருந்து டுனெடின் என்ற கப்பல், உறையவைத்த ஆட்டிறைச்சியை ஏற்றிக்கொண்டு லண்டனுக்குக் கிளம்பியது. மே மாதத்தில் கெடாமல் போய்ச் சேர்ந்தது. அந்த ஆடுகளை அறுத்தது மெக்கன்சியின் பண்ணைக்குச் சற்று வடக்கே, ஓமாரு அருகில் இருந்த டோட்டாரா பண்ணையில். அதுவரை ஆடு என்றால் கம்பளி. கம்பளிக்குப் பல்லாயிரம் ஏக்கர் வேண்டும், இறைச்சியைக் காய்ச்சிக் கொழுப்பு எடுத்துவிட்டு மீதியைத் தூர எறிவார்கள். குளிர்பதனம் வந்ததும் இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் கடலுக்கப்பால் சந்தை பிறந்தது. இருநூறு ஏக்கரும் இருபது கறவை மாடும் வைத்திருப்பவன் குடும்பத்தோடு பிழைக்கலாம் என்ற நிலை வந்தது. கம்பளி விலை சரிந்து கடனில் மூழ்கியிருந்த பெரும்பண்ணைக்காரர்களுக்கோ விற்பதே லாபம். அரசு வாங்கியதைவிட அதிக நிலத்தை அவர்கள் தாமே கூறுபோட்டு விற்றார்கள்.

அந்த மாற்றத்துக்கு ஏற்றபடி அரசை அமைத்ததுதான் மெக்கன்சியின் திறமை. 1892இல் விவசாயத்துறையைத் தொடங்கினார். பால் பண்ணைகளைத் தேடிப் போய்க் கற்றுக்கொடுக்கும் நிபுணர்களை அனுப்பினார். ஏற்றுமதியாகும் வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் தரம் பார்க்கச் சட்டம் கொண்டுவந்தார். அவருடைய சகா ஜோசப் வார்டு 1894இல், லண்டனில் கடன் வாங்கி விவசாயிகளுக்குக் குறைந்த வட்டிக்குக் கொடுக்கும் சட்டத்தை நிறைவேற்றினார். நிலம், கடன், கல்வி, சந்தை என்று நான்கும் ஒருசேர வந்தன. நிலத்தை மட்டும் பங்கிட்டுவிட்டு விவசாயியை நடுத்தெருவில் விட்ட சீர்திருத்தங்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. அந்த விதத்தில் மெக்கன்சியின் வேலை இன்றைக்கும் படிக்கத் தக்கது. லிபரல் ஆட்சியின் இருபது ஆண்டுகளில் இப்படி வாங்கிப் பிரித்த நிலம் ஏறத்தாழ 13 லட்சம் ஏக்கர். குடியேறியவர்கள் ஏறத்தாழ 7,000 விவசாயிகள்.

இன்னொரு கணக்கு

அதே இருபது ஆண்டுகளில் மாவோரி மக்களிடமிருந்து வாங்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 31 லட்சம் ஏக்கர். பெரும்பகுதி வடதீவில். பெரும்பகுதியை வாங்கியது அரசு.

விலையைப் பாருங்கள். செவியட்டுக்கு ஏக்கருக்கு மூன்று பவுண்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தார்கள். மாவோரி நிலத்துக்கு ஏக்கருக்குச் சில ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு இருபது ஷில்லிங். நிலத்தின் தரம் வேறு, காடு வேறு, மேய்ச்சல் வேறு என்று சமாதானம் சொல்லலாம், அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் விலை குறைந்ததற்கு முக்கியக் காரணம் சட்டம். 1894இல் மாவோரி நிலத்தை அரசைத் தவிர வேறு யாரும் வாங்கக் கூடாது என்று தடை போட்டார்கள். வாங்குபவர் ஒருவரே என்றால் விலை சொல்வதும் அவர்தான்.

வாங்கிய முறையும் தெரிந்துகொள்ள வேண்டியது. மாவோரி நிலம் குலத்துக்குப் பொது. 1865இல் ஏற்பட்ட நில நீதிமன்றம் அதைத் தனிமனிதப் பங்குகளாக மாற்றிப் பட்டா எழுதியது. ஒரே பட்டாவில் நூற்றுக்கணக்கான பெயர்கள். அரசின் கொள்முதல் அதிகாரி குலத்தோடு பேச மாட்டார். கடனில் இருப்பவர், வெளியூர் போய்விட்டவர், நீதிமன்ற நாட்களில் கடைத்தெருவில் தங்கிச் செலவுக்கு வழியில்லாதவர் என்று ஒவ்வொருவராகப் பிடித்து அவர் பங்கை எழுதி வாங்குவார். போதுமான பங்கு சேர்ந்ததும், "எங்கள் பாகத்தைப் பிரித்துக் கொடு" என்று அதே நீதிமன்றத்தில் அரசு மனுப் போடும். அளவைச் செலவு எஞ்சியிருக்கும் மாவோரிகள் தலையில் விழும். அதைக் கட்ட இன்னும் கொஞ்சம் நிலம் போகும். விவசாயிகளுக்கான அந்தக் குறைந்த வட்டிக் கடனோ, பல பெயர் உள்ள பட்டாவை வைத்துக்கொண்டு வாங்க முடியாதது. தன் நிலத்தில் தானே பண்ணை வைக்க நினைத்த மாவோரிக்கு, பக்கத்துக் குடியேறிக்குக் கிடைத்த நான்கில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இதை மெக்கன்சி தனியாகச் செய்யவில்லை. பேலன்ஸ் 1893இல் இறந்த பின் பிரதமரான ரிச்சர்ட் செடன்தான் மாவோரி விவகாரங்களையும் கவனித்தார். ஆனால் நிலத்துறை மெக்கன்சியுடையது. அந்தக் கொள்முதலை முழுமனதோடு நடத்தினார். அவர் பார்வையில் பயிரிடப்படாத நிலம் எல்லாமே குற்றம். செவியட்டில் ஆடு மட்டும் மேய்ந்த 84,000 ஏக்கரும், வடதீவில் ஒரு குலம் வைத்திருந்த காடும் அவருக்கு ஒரே வகை: "சும்மா கிடக்கும் பெருநிலம்." உழைக்காமல் நிலத்தை வைத்திருப்பவர் யாரானாலும் நிலப்பிரபு. ராஸ்ஷயரில் கற்ற அந்த அளவுகோலை மாவோரி நிலத்தின் மேல் வைத்தபோது அது தலைகீழாகிவிட்டது. கிளென்கால்வியில் குலமாக நிலத்தை நம்பி வாழ்ந்தவர்கள் யாரோ, அந்த இடத்தில் இங்கே நின்றவர்கள் மாவோரிகள். அவர்களை அவர் நிலப்பிரபுக்கள் வரிசையில் நிறுத்திவிட்டார்.

அவர் மாவோரிகளை வெறுத்தவர் என்று சொல்ல முடியாது என்பதற்கு ஒரு விநோதமான சாட்சி ஹொரோவெனுவா விவகாரம். முவாபோகோ குலத்தின் நிலத்தில், வழக்கறிஞரும் பறவையியல் அறிஞருமான சர் வால்டர் புல்லர் பெற்றிருந்த குத்தகைகளும் அடமானங்களும் மோசடி என்று 1895 முதல் மெக்கன்சி நாடாளுமன்றத்தில் முழங்கினார். விசாரணை ஆணையம் அமைந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது அரசுத் தரப்பு ஆதாரம் எதையும் வைக்கவில்லை, வழக்கு விழுந்தது. பணக்காரன் ஒருவன் தந்திரத்தால் மாவோரி நிலத்தைச் சேர்க்கிறான் என்றால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். அரசு வாங்கினால் அது தேச வளர்ச்சி. ஒட்டாகோவின் பினாமிக்காரர்களை எதிர்த்துப் பழகிய கண் தனிமனிதனின் பேராசையை உடனே அடையாளம் கண்டது. தன் துறையின் முத்திரை விழுந்த காகிதத்தை அது சந்தேகிக்கவில்லை.

மாவோரிகள் வாய்மூடி இருக்கவில்லை. 1892 முதல் கோடஹிடங்கா என்ற ஒற்றுமை இயக்கம் தனக்கென ஒரு நாடாளுமன்றத்தையே கூட்டியது. 1897இல் விக்டோரியா அரசிக்கு மனு அனுப்பினார்கள்: எங்களிடம் எஞ்சியிருப்பது ஐம்பது லட்சம் ஏக்கர், அதையாவது விற்பனையிலிருந்து காப்பாற்றுங்கள் என்று. 1900இல் புதிய சட்டம் வந்து அரசுக் கொள்முதல் சில காலம் நின்றது. அந்த ஆண்டுதான் மெக்கன்சி பதவி விலகினார்.

தெற்கே ஙாய் தாஹு நிலைமை இன்னும் மோசம். அவர்களில் பெரும்பாலோருக்கு நிலமே இல்லை அல்லது போதாது என்று 1891இல் ஆணையராகப் போன அலெக்சாண்டர் மெக்கே அறிக்கை கொடுத்தார். அதே 1891இல் நிலமற்ற குடியேறிகளுக்காக மெக்கன்சி மசோதா எழுதிக்கொண்டிருந்தார். குடியேறிகளுக்குச் சாலை போட்ட செவியட் இரண்டே ஆண்டில் கிடைத்தது. நிலமற்ற மாவோரிகளுக்கான சட்டம் 1906இல்தான் வந்தது. 4,000 பேருக்கு மேல் ஒதுக்கீடு. பெரும்பகுதி தென்கோடியின் மழைக்காட்டிலும் ஸ்டூவர்ட் தீவிலும், வழியே இல்லாத இடங்களில். 1909இல் அந்தச் சட்டத்தையும் திரும்பப் பெற்றார்கள். பலருக்குப் பட்டா வந்து சேரவேயில்லை.

கடைசி ஆண்டுகள்

1899இல் சிறுநீர்ப்பை நோய்க்கு அறுவைச் சிகிச்சைக்காக லண்டன் போனார். சரியாகவில்லை. 1900இல் பதவியை விட்டு ஷாக் பள்ளத்தாக்குக்குத் திரும்பினார். 1901 ஜூனில், பிற்காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான கார்ன்வால் கோமகன் நியூசிலாந்தைச் சுற்றி வந்தபோது, அரச ரயில் மெக்கன்சியின் பண்ணை அருகே நின்றது. எழுந்து நடமாடவே முடியாத நிலையில் அங்கேயே அவருக்கு "சர்" பட்டம் அளிக்கப்பட்டது. ஆகஸ்ட் 6 அன்று இறந்தார். வயது 61.

அவர் நட்ட மரத்தின் கனியை அவர் கட்சி சாப்பிடவில்லை. நிரந்தரக் குத்தகைக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்ததும் சொந்தக் கிரயம் கேட்டார்கள். 999 ஆண்டு போதாதா என்று லிபரல்கள் திகைத்தார்கள். 1907இல் அந்தக் குத்தகை முறையையே நிறுத்தினார்கள். 1912இல் ஆட்சியைப் பிடித்த வில்லியம் மாசி, அவரும் குடியேறி விவசாயிதான், அயர்லாந்திலிருந்து வந்தவர். 1894இல் அவரைத் தேர்தலுக்கு அழைத்த தந்தி, வைக்கோற்போரின் மேல் நின்றவரிடம் கவைக்கோலின் நுனியில் குத்தி நீட்டப்பட்டதாக ஊரெல்லாம் கதை. மாசி குத்தகைக்காரர்களுக்கு நிலத்தை விலைக்கு வாங்கும் உரிமை கொடுத்தார். மெக்கன்சியின் சட்டத்தால் உருவான சிறு விவசாயிகளின் வாக்குதான் லிபரல்களை வீழ்த்திய வாக்குகளில் பெரும்பங்கு.

ஙாய் தாஹுவின் வழக்கு 1848 பத்திரத்திலிருந்து ஒன்றரை நூற்றாண்டு நடந்து, 1998இல் அரசின் மன்னிப்போடும் 17 கோடி நியூசிலாந்து டாலர் ஈட்டுத்தொகையோடும் தீர்வுக்கு வந்தது. தே மைஹரோவாவின் நடையை அவர் வழியினர் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

பால்மர்ஸ்டன் வழியாக நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு ஊருக்கு மேலே புல் மூடிய கூம்புக் குன்று ஒன்று தெரியும். உச்சியில் மெக்கன்சியின் நினைவாக எழுப்பிய கற்கோபுரம். முதலில் வேறொரு குன்றில் கட்டியது இடிந்துவிட, 1929இல் இங்கே எழுப்பினார்கள். ஸ்காட்லாந்து மலைநாட்டில் இறந்த பெரியவர்களுக்குக் கல் அடுக்கும் வழக்கப்படி செய்தது. அவர் இடையனாக முதலில் ஆடு ஓட்டிய பண்ணைக்குப் பெயர் கொடுத்த குன்றும் அதுதான், புக்கெடாப்பு. மாவோரி மொழியில் "புக்கெ" என்றால் குன்று, "டாப்பு" என்றால் புனிதமானது. மெக்கன்சி கப்பலிலிருந்து இறங்குவதற்கு முன்பும் அதற்கு அதே பெயர்தான்.